மைனஸ் 35-லயும் கண்ணாடிக் கட்டடம்: வின்னிபெக் ஆபீஸ் டவர் எனர்ஜி மிச்சம் பண்றது எப்படி

கனடால வின்னிபெக்னு ஒரு ஊர், மானிடோபா மாகாணத்தோட தலைநகர். ஜனவரில அங்க மைனஸ் 30, மைனஸ் 35-னு போறதெல்லாம் யாரும் பெருசா பேசிக்கற விஷயம் இல்ல, அதே ஊர்ல ஜூலைல 35 டிகிரி வெயிலும் அடிக்கும், ஆக ஒரே வருஷத்துக்குள்ள 70 டிகிரி ஏத்த இறக்கம். அந்த ஊரோட டவுன்டவுன் நடுவுல, போர்டேஜ் அவென்யூல, சுத்தி கண்ணாடி போட்டு 20 மாடிக்கு மேல ஒரு ஆபீஸ் டவர் நிக்குது. பேரு மானிடோபா ஹைட்ரோ பிளேஸ், 2009-ல திறந்தாங்க. வட அமெரிக்கால இந்த மாதிரி பெரிய ஆபீஸ் கட்டடம் ஒரு சதுர மீட்டருக்கு வருஷத்துக்கு 400 யூனிட் வரைக்கும் எனர்ஜி இழுக்கும்னு ஒப்பிட்டு சொல்லுவாங்க, இது 88 யூனிட் பக்கத்துல முடிச்சுக்குது.

மொத்த பரப்பு கிட்டத்தட்ட 7 லட்சம் சதுர அடி, அதாவது 64,500 சதுர மீட்டர். அந்த ஒப்பீட்டை அப்படியே எடுத்துக்கிட்டு பெருக்கிப் பார்த்தா வருஷத்துக்கு சுமார் 2 கோடி யூனிட் மிச்சம். ஒரே ஒரு கட்டடத்துல.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது என்னன்னா, கூரை மேல சோலார் பேனலா அடுக்கி கணக்கை நேர் பண்ணின கட்டடம் இல்ல இது. கட்டடம் எந்தப் பக்கம் பார்த்து நிக்கணும், காத்து எந்த வழியா உள்ள வரணும், எந்த வழியா வெளிய போகணும், இந்த கேள்விகளுக்கு முதல்ல பதில் தேடினாங்க, மெஷின் எல்லாம் அதுக்கு அப்புறம்தான் வந்துச்சு. பொதுவா ஆபீஸ் டவர் கட்டும்போது இது தலைகீழாத்தான் நடக்கும், ஆர்க்கிடெக்ட் முதல்ல ஒரு அழகான பெட்டியை வரைஞ்சிடுவார், அந்தப் பெட்டிக்குள்ள மனுஷங்க உட்கார முடியற மாதிரி சூடு பண்றதும் குளிர் பண்றதும் ஏசி இன்ஜினியரோட தலைவலி, அவரும் பெரிய பெரிய மெஷினா போட்டு சமாளிச்சிடுவார், கரன்ட் பில்லை அடுத்த 50 வருஷம் வேற யாரோ கட்டுவாங்க.

இங்க அந்த "வேற யாரோ" கிடையாது. கட்டறவங்க, உள்ள உட்காரப் போறவங்க, பில் கட்டப் போறவங்க எல்லாம் ஒரே ஆள், மானிடோபா ஹைட்ரோ, மாகாண அரசுக்கு சொந்தமான மின்சார கம்பெனி. 2002-ல வின்னிபெக் நகராட்சி கிட்ட இருந்த வின்னிபெக் ஹைட்ரோவை இவங்க வாங்கினாங்க, அந்த டீல்லயே டவுன்டவுன்ல ஒரு புது தலைமை ஆபீஸ் கட்டணும்னு ஒரு நிபந்தனை இருந்துச்சு. ஏன்னா டவுன்டவுன் அப்போ தளர்ந்து போய் கிடந்த நேரம், போர்டேஜ் அவென்யூவோட அடையாளமா இருந்த ஈட்டன்ஸ் கடை 1999-ல மூடி கொஞ்ச வருஷத்துல இடிச்சே தள்ளிட்டாங்க, கடை கண்ணி எல்லாம் புறநகர் மால் பக்கம் நகர்ந்துடுச்சு. ஹைட்ரோவோட ஆளுங்களும் புறநகர்ல அங்கங்க சிதறிக் கிடந்த ஆபீஸ்கள்லதான் வேலை பார்த்துக்கிட்டு இருந்தாங்க, அவங்களை, கிட்டத்தட்ட 2000 பேரை, ஒரே இடத்துக்கு கொண்டு வந்தா நகரத்துக்கும் உசுரு வரும்ங்கறது கணக்கு.

மின்சாரம் விக்கற கம்பெனி எதுக்கு மின்சாரத்தை மிச்சம் பண்ணணும், அதுவும் நெல்சன் ஆறு மாதிரி பெரிய ஆறுகள்ல அணை கட்டி கிட்டத்தட்ட எல்லா கரன்ட்டையும் தண்ணில இருந்தே எடுக்கற, கனடாலயே கரன்ட் மலிவா கிடைக்கற ஒரு மாகாணத்துல? இது நியாயமான கேள்வி. ஊருக்குள்ள செலவாகாத கரன்ட்டை இவங்க எல்லை தாண்டி அமெரிக்காவுக்கு விக்கறாங்க, அதனால உள்ளூர்ல மிச்சமாகற யூனிட் வீணா போறதில்ல. அதுக்கு மேல, மக்கள் கிட்ட போய் வீட்டுக்கு இன்சுலேஷன் போடுங்க, கரன்ட்டை பார்த்து செலவு பண்ணுங்கன்னு பிரச்சாரம் பண்ற கம்பெனி தன்னோட சொந்த ஆபீஸ்ல ஓட்டையா கட்டி வச்சா யாரு மதிப்பா.

டிசைன் டொரன்டோவோட கேபிஎம்பி ஆர்க்கிடெக்ட்ஸ், முக்கிய ஆர்க்கிடெக்ட் புரூஸ் குவபாரா. வின்னிபெக்லயே இருக்கற ஸ்மித் கார்ட்டர் கம்பெனி கூட சேர்ந்துச்சு. கிளைமேட் இன்ஜினியரிங்குக்கு ஜெர்மனில ஸ்டுட்கார்ட்ல இருந்து டிரான்ஸ்சோலார். இவங்க எல்லாரும், ஹைட்ரோ ஆளுங்களும், முதல் கோடு போடறதுக்கு முன்னாடியே ஒரே டேபிள்ல உட்கார்ந்து, என்ன வேணும்னு ஒரு சாசனம் மாதிரி எழுதி வச்சுக்கிட்டாங்க, கட்டடம் எவ்ளோ எனர்ஜி செலவு பண்ணலாம்னு கனடாவோட தேசிய விதிமுறை என்ன சொல்லுதோ அதை விட 60 சதவீதம் குறைவா செலவாகணும், உள்ள வேலை பார்க்கறவங்க சௌக்கியமா இருக்கணும், டவுன்டவுனுக்கு நல்லது நடக்கணும், இந்த மாதிரி. அதுக்கு அப்புறம் பல வடிவங்களைப் போட்டு கம்ப்யூட்டர் சிமுலேஷன்ல ஓட்டிப் பார்த்தாங்க.

சிமுலேஷனுக்கு முன்னாடி அந்த ஊர் வானிலையை உட்கார்ந்து படிச்சாங்க, அதுலதான் முக்கியமான விஷயம் கிடைச்சுது. வின்னிபெக்ல குளிர் பயங்கரம்தான், ஆனா அந்தக் குளிர் நாள்லயும் வானம் மேகமில்லாம பளிச்னு இருக்கும், வெயில் நல்லா அடிக்கும். அதோட தெற்குல இருந்து பலமா காத்து வீசற ஊர் அது. குளிர் அதிகம்ங்கறது மட்டும் தெரிஞ்சிருந்தா கனமான சுவர் வச்சு சின்ன சின்ன ஜன்னல் போட்டு மூடியிருப்பாங்க. வெயிலும் காத்தும் தெற்குல இருந்து வருதுன்னு தெரிஞ்சதால கட்டடத்தை தெற்குப் பக்கம் திறந்து விட்டாங்க. மேல இருந்து பார்த்தா ஆங்கில எழுத்து ஏ மாதிரி இருக்கும், 18 மாடி டவர் ரெண்டு, வடக்குல ஒண்ணோட ஒண்ணு சேருது, தெற்குல விரிஞ்சு நிக்குது, கீழ மூணு மாடிக்கு ஒரு அகலமான அடித்தளம். ரெண்டு டவருக்கும் நடுவுல தெற்கு பார்த்த இடைவெளியை கண்ணாடி போட்டு மூடி ஒண்ணு மேல ஒண்ணா மூணு கூடம் பண்ணினாங்க, ஒவ்வொண்ணும் ஆறு மாடி உசரம்.

இந்தக் கூடங்கள்தான் கட்டடத்தோட நுரையீரல். இதுல கொஞ்சம் நிதானமா நிக்கணும், ஏன்னா மொத்த விஷயமும் இங்கதான் இருக்கு.

ஆபீஸ் கட்டடத்துல எனர்ஜி எங்க போகுதுன்னு பார்த்தா காத்துல நிறைய போகுது. வெளிய மைனஸ் 30, உள்ள 20 டிகிரி வேணும்னா உள்ள எடுக்கற ஒவ்வொரு கன மீட்டர் காத்தையும் 50 டிகிரி ஏத்தணும். அதனால பெரும்பாலான கட்டடங்கள்ல என்ன பண்றாங்க, உள்ள இருக்கற காத்தையே ஃபில்டர் பண்ணி சுத்தி சுத்தி விடறாங்க, வெளிக்காத்து கொஞ்சமாத்தான் கலப்பாங்க. மத்தியானம் மூணு மணிக்கு ஆபீஸ்ல தலை கனத்துப் போய் தூக்கம் வர்றதுக்கு அதுவும் ஒரு காரணம், 2020-க்கு அப்புறம் அந்த சுத்தி விடற காத்து மேல எல்லாருக்கும் பயமே வந்துடுச்சு. மானிடோபா ஹைட்ரோ பிளேஸ்ல 100 சதவீதமும் வெளிக்காத்துதான், வருஷம் முழுக்க, சுத்தி விடறதே கிடையாது. எனர்ஜி மிச்சம் பண்ணணும்னா காத்தோட தரத்துல கை வைக்கணும்னு நினைச்சுக்கிட்டு இருக்கறவங்களுக்கு இந்தக் கட்டடம் நேரடியான பதில், அதனாலதான் இதைப் பத்தி இவ்ளோ எழுதணும்னு எனக்கு தோணுது.

எப்படி முடியுது? வெளிக்காத்து முதல்ல அந்த தெற்குக் கூடத்துக்குள்ள வருது. குளிர்காலத்துல வெயில் தாழ்வா தெற்குல இருந்து நேரா கண்ணாடி வழியா உள்ள விழும், அந்த சூட்டுலயே காத்து பாதி வேலையை முடிச்சுக்கும், மிச்சத்தை மட்டும் மெஷின் சூடு பண்ணும். குளிர் நாட்டுல இன்னொரு தொல்லை, வெளிக்காத்தை சூடு பண்ணினா ஈரமே இல்லாம காஞ்சு போயிடும், மூக்கு எரியும், உதடு வெடிக்கும், கதவுப் பிடியைத் தொட்டா சுரீர்னு ஷாக் அடிக்கும். அதுக்காக ஒவ்வொரு கூடத்துலயும் 24 மீட்டர் உசரத்துக்கு மெல்லிசான ரிப்பன்களை இழுத்துக் கட்டி அது மேல தண்ணி வழிய விட்டிருக்காங்க. குளிர்காலத்துல வெதுவெதுப்பான தண்ணி, காத்துக்கு ஈரம் கொடுக்கும். கோடைல அதே ரிப்பன்ல சில்லுன்னு தண்ணி விடுவாங்க, அப்போ புழுக்கமான காத்துல இருக்கற ஈரம் அந்தக் குளிர்ந்த தண்ணி மேல படிஞ்சு கீழ இறங்கிடும், காத்து உலர்ந்து போகும். தண்ணியை வச்சு காத்தை உலர்த்தறதுன்னா கேக்க முரணா இருக்கும், ஆனா ஃபிரிட்ஜ்ல இருந்து எடுத்த பாட்டில் வெளிய வேர்க்கறதும் இதே சமாச்சாரம்தான்.

கூடத்துல பதமான காத்து ஒவ்வொரு மாடிலயும் உயர்த்திப் போட்ட தரைக்கு அடில போகுது, தரைல இருக்கற சின்ன திறப்பு வழியா மெதுவா மேல வருது. ஆளுங்க உடம்பு சூடு, கம்ப்யூட்டர் சூடு பட்டு காத்து தானா மேல ஏறும், அப்படியே வடக்குப் பக்கம் நகரும். வடக்குல 115 மீட்டர் உசரத்துக்கு ஒரு சோலார் சிம்னி நிக்குது, தூரத்துல இருந்து பார்த்தா கட்டடத்தோட அடையாளமே அதுதான். சூடான காத்து லேசா இருக்கும், அதனால மேல போகும், போற இடத்துல காலியாகற வெற்றிடத்துக்கு கீழ இருந்து வேற காத்து வரும், உசரம் கூடக்கூட இழுவையும் கூடும். வெயில் சிம்னியோட மேல்பகுதியை சூடாக்கும்போது அந்த இழுவை இன்னும் பலமாகும், ராத்திரி வெயில் இல்லாதப்பவும் இழுவை நின்னுடக் கூடாதுன்னு மேல மணல் நிரப்பின குழாய்களை வச்சிருக்காங்க, பகல்ல சேத்து வச்ச சூட்டை அது ராத்திரி விடும். வழக்கமா ராட்சச ஃபேன் செய்யற வேலையை வசந்த காலத்துலயும் இலையுதிர் காலத்துலயும் கோடைலயும் இங்க உசரமும் வெயிலும் சேர்ந்து பண்ணிடுது.

குளிர்காலத்துல அதே சிம்னி வேற மாதிரி வேலை செய்யும். 20 டிகிரி சூடான காத்தை மைனஸ் 30-ல மேல விட்டா காசைக் காத்துல விடற மாதிரி, அதனால வெளிய போக வேண்டிய காத்தை ஃபேன் வச்சு சிம்னி வழியா கீழ இழுத்து, அதோட சூட்டைப் பிடுங்கி, கீழ இருக்கற கார் பார்க்கிங்கை சூடு பண்றதுக்கும் உள்ள வர்ற புதுக் காத்தை சூடு பண்றதுக்கும் பயன்படுத்தறாங்க.

சரி, கண்ணாடி? குளிர் ஊர்ல கண்ணாடின்னா சூடு அது வழியா ஓடிப் போயிடும், எவ்ளோ நல்ல கண்ணாடியா இருந்தாலும் நல்ல இன்சுலேஷன் போட்ட சுவருக்கு பக்கத்துல வராது. இங்க கிழக்கு, மேற்கு முகப்புல ரெண்டு தோல் இருக்கு, வெளிய ஒரு கண்ணாடி அடுக்கு, உள்ள ஒரு கண்ணாடி அடுக்கு, நடுவுல ஒரு மீட்டர் அகலத்துக்கு காத்து இடைவெளி. குளிர்ல அந்த இடைவெளி வெயில் பட்டு வெதுவெதுன்னு இருக்கும், ஆபீஸ்ல உட்கார்ந்திருக்கறவருக்கு மைனஸ் 30 நேரா முதுகுல படாது. கோடைல வெளி அடுக்கு ஜன்னல் ஆட்டோமேடிக்கா திறந்துக்கும், சூடு உள்ள வர்றதுக்கு முன்னாடியே அங்கேயே வெளிய போயிடும், வெயில் மறைக்கற பிளைன்டும் அந்த இடைவெளிக்குள்ளதான் இருக்கு, அதனால பிளைன்ட் சூடானாலும் அந்த சூடு ரூமுக்கு வராது. உள் அடுக்கு ஜன்னலை வேலை பார்க்கறவங்க கையால திறந்துக்கலாம். 20-வது மாடில ஜன்னலைத் திறக்கற உரிமை ஆபீஸ் டவர்கள்ல எவ்ளோ அபூர்வம்னு அங்க வேலை செஞ்சவங்களுக்குத் தெரியும். ஃபிராங்க்ஃபர்ட்ல 1997-ல முடிஞ்ச காமர்ஸ்பேங்க் டவர்லயும் இந்த வசதி உண்டு, அங்கயும் நடுநடுவுல மாடித் தோட்டங்கள் வச்சிருக்காங்க, ஆனா அந்த ஊர் குளிரும் வின்னிபெக் குளிரும் ஒண்ணு இல்ல.

சூடும் குளிரும் கொடுக்கற முக்கிய வேலையை சீலிங் கான்கிரீட்டே பாத்துக்குது. ஃபால்ஸ் சீலிங் போட்டு மறைக்காம கான்கிரீட்டை அப்படியே விட்டு, அதுக்குள்ள குழாய் பதிச்சு தண்ணி ஓட விடறாங்க. ஒரே அளவு இடத்துல தண்ணி காத்தை விட 3000 மடங்குக்கு மேல சூட்டைத் தாங்கும், அதனால சூட்டை ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்கு கொண்டு போக தண்ணிதான் மலிவான வழி, பெரிய டக்ட் வச்சு காத்தைத் தள்ள வேண்டியதில்ல. சீலிங் முழுக்க ஒரே பரப்பா இருக்கறதால தண்ணி ரொம்ப சூடாவோ ரொம்ப குளிர்ச்சியாவோ இருக்கணும்னும் இல்ல, ரூம் சூட்டுக்கு கொஞ்சம் கூட குறைய இருந்தாலே போதும், அப்படி இருந்தா ஹீட் பம்ப்புக்கும், அதாவது சூட்டை ஒரு இடத்துல இருந்து எடுத்து இன்னொரு இடத்துக்கு மாத்தற மெஷினுக்கும், வேலை லேசு.

அந்த ஹீட் பம்ப் சூட்டை எங்க இருந்து எடுக்குது? கட்டடத்துக்கு அடில 280 போர் போட்டிருக்காங்க, ஒவ்வொண்ணும் 125 மீட்டர், நம்ம கணக்குல 400 அடிக்கு மேல. தண்ணி எடுக்க இல்ல, மூடின குழாய்ல திரவம் கீழ போய்ட்டு மேல வரும், அவ்ளோதான். மேல 70 டிகிரி ஆடினாலும் அந்த ஆழத்துல மண்ணு வருஷம் பூரா கிட்டத்தட்ட ஒரே சூட்டுல இருக்கும். கோடைல கட்டடத்துல இருந்து எடுத்த சூட்டை கீழ கொண்டு போய் மண்ணுல விடறாங்க, குளிர்காலத்துல அதையே திரும்ப எடுத்துக்கறாங்க. கடுங்குளிர் நாள்ல துணைக்கு பாய்லர் உண்டு.

கட்டி முடிக்க ஆன செலவு சுமார் 28 கோடி கனேடிய டாலர். சாதாரண டவரை விட கூட. இதை மறைக்க வேண்டியதே இல்ல, ஏன்னா இங்கதான் எதுக்கு இந்த மாதிரி கட்டடங்கள் தெருவுக்கு ஒண்ணா வரலங்கறதுக்கு பதில் இருக்கு. வாடகைக்கு விட கட்டற பில்டருக்கு கட்டும்போது ஆகற செலவு அவர் பாக்கெட்ல இருந்து போகுது, கரன்ட் மிச்சமாகற லாபம் வாடகைக்கு வர்ற கம்பெனிக்குப் போகுது, அப்புறம் அவர் எதுக்கு ரெண்டு தோல் போட்டு கண்ணாடி வைப்பார், எதுக்கு 280 போர் போடுவார். கட்டி அஞ்சு வருஷத்துல வித்துட்டு போறவர் கிட்ட 60 வருஷ கணக்கு பேசினா எடுபடாது. அரசு கம்பெனி, சொந்தக் கட்டடம், நூறு வருஷம் அங்கயேதான் இருக்கப் போறோம்ங்கற நிலைமை இருந்ததாலதான் இது நடந்துச்சு. டெக்னாலஜி இல்லாம பசுமைக் கட்டடம் வராம போறது ரொம்ப குறைவுன்னுதான் நான் பார்க்கறேன், பில் யாரு கட்டறாங்கறதுதான் பெரிய தடை, அதை சட்டம் போட்டோ வாடகை ஒப்பந்தத்துல மாத்தியோதான் சரி பண்ண முடியும்.

அப்புறம் சர்டிஃபிகேட் விஷயம். 2012-ல இந்தக் கட்டடத்துக்கு லீட்ங்கற பசுமைக் கட்டட சர்டிஃபிகேட்ல உச்ச தரமான பிளாட்டினம் கிடைச்சுது, அதுக்கு முன்னாடியே 2009-ல உயரக் கட்டடங்களுக்கான உலக அமைப்பு அமெரிக்க கண்டங்கள்லயே சிறந்த டவர்னு விருது கொடுத்துடுச்சு. சந்தோஷம். ஆனா லீட்ல நிறைய பாயின்ட் டிசைன் கட்டத்துல போட்ட கணக்கை வச்சுத்தான் கிடைக்கும், உலகத்துல பிளாட்டினம் பலகை மாட்டிக்கிட்டு மீட்டர் பேயா ஓடற கட்டடங்களும் இருக்கு. மீட்டர் என்ன காட்டுதுன்னு கேக்கறதுதான் சரியான கேள்வி, இங்க மீட்டரும் நல்லாவே காட்டுது.

எனர்ஜி கணக்குல வராத ஒரு லாபமும் இருக்கு. புறநகர் ஆபீஸுக்கு காரை விட்டா வேற வழி இல்ல, டவுன்டவுன்ல பஸ் எல்லாம் வந்து சேருது, கட்டடத்தோட வடக்கு வாசல் போர்டேஜ் அவென்யூல, தெற்கு வாசல் கிரஹாம் அவென்யூல, திறந்த சமயத்துல கிரஹாம் பஸ்ஸுகளுக்காகவே ஒதுக்கின தெரு. காரை விட்டுட்டு பஸ்ல வர்றவங்க எண்ணிக்கை ஏறிச்சு, அந்தப் பெட்ரோல் மிச்சம் எந்த 88 யூனிட் கணக்குலயும் சேராது. தரைத்தளத்துல பொதுமக்கள் குறுக்கால நடந்து போக ஒரு பெரிய கூடம் விட்டிருக்காங்க, குளிர்ல வெளிய நடக்காம கட்டடத்துக்கு கட்டடம் போற வின்னிபெக் நடைபாலங்களோடயும் இது சேருது. பெரிய கம்பெனி ஆபீஸ்னா கீழ செக்யூரிட்டி நின்னு விரட்டற உலகத்துல இதுவும் சின்ன விஷயம் இல்ல.

குறையும் உண்டு. இவ்ளோ கான்கிரீட், இவ்ளோ கண்ணாடி, இதையெல்லாம் உற்பத்தி பண்ணும்போதே வெளியான கார்பன் 88 யூனிட் கணக்குல இல்ல. அந்தக் காலத்துல அதைப் பத்தி அவ்வளவா யாரும் கேக்கல, இப்போ கேக்கறாங்க, கேக்கவும் வேணும், பழைய கட்டடத்தை இடிக்காம சரி பண்றது பல இடத்துல இதை விட நல்ல வழியா இருக்கும். இதைப் பார்த்துட்டு அப்படியே காப்பி அடிக்கறதும் ஆபத்து. தெற்குக் கண்ணாடிக் கூடம் வின்னிபெக்ல வேலை செய்யறது குளிர்கால வெயில் அங்க வரமா இருக்கறதால, வருஷம் பூரா வெக்கையும் புழுக்கமும் இருக்கற ஊர்ல அதையே கட்டினா அடுப்பு மாதிரி கொதிக்கும், அங்க நிழலும் சின்ன ஜன்னலும்தான் வேணும்.

இது சுவிட்சைப் போட்டுட்டு மறந்துடற கட்டடமும் இல்ல. ஜன்னல் எப்போ திறக்கணும், பிளைன்ட் எப்போ இறங்கணும், ரிப்பன்ல என்ன சூட்டுல தண்ணி விடணும், சிம்னி மேல இழுக்கணுமா கீழ இழுக்கணுமா, எல்லாம் சென்சாரும் கம்ப்யூட்டரும் பாத்துக்குது, ஆனா அதுக்கு என்ன சொல்லிக் கொடுக்கணும்னு கட்டடத்தை ஓட்டற டீம் குளிர்காலம், கோடைன்னு ஒவ்வொரு சீசனா ஓட்டிப் பார்த்துத்தான் கத்துக்க முடியும். நல்லா டிசைன் பண்ணின எத்தனையோ கட்டடம் முதல் வருஷமே பில் எகிறி கெட்ட பேர் வாங்கறது இந்த வேலைக்கு ஆளும் பட்ஜெட்டும் வைக்காததாலதான். வின்னிபெக்ல கட்டடத்தோட ஓனரே கட்டடத்தை ஓட்டவும் செஞ்சாங்க, பொறுமையா ட்யூன் பண்ணிக்கிட்டே வந்தாங்க, 88-ங்கற நம்பர் அப்படி வந்ததுதான்.